நாடி பார்க்கும் கை நடுங்கலாமா?

ஒரு காட்சியைக் கண்முன் நிறுத்திப் பாருங்கள், நண்பர்களே!

வெள்ளை அங்கி, கழுத்திலே ஸ்டெதாஸ்கோப். களை பறிக்கும் தாயின் மகள் அவள். அரசுப் பள்ளியிலே படித்து, அரசு மருத்துவக் கல்லூரிக்குள்ளே அடியெடுத்து வைத்தவள். உடலில் உள்ள 206 எலும்புகளையும் வரிசையாகச் சொல்லுவாள். ஆனால் கணினிக்கு எதிரே உட்கார்ந்ததும் கை நடுங்குகிறது! பக்கத்து நாற்காலி மாணவன், நடக்கப் பழகிய நாளிலேயே கணினியோடு விளையாடியவன், பாடத்தை முடித்துவிட்டுப் புன்னகை புரிகிறான். இவளோ, கடவுச்சொல்லை எந்தக் கட்டத்தில் இடுவது என்று தேடிக்கொண்டிருக்கிறாள்.

"பார்த்தீரா! இவர்களையெல்லாம் மருத்துவக் கல்லூரியிலே சேர்த்தால் இப்படித்தான்!" என்று சொல்ல ஒரு கூட்டம் எப்போதும் தயார். தகுதி, திறமை என்ற இரண்டு சொற்களை மடியிலே கட்டிக்கொண்டே திரிகிற கூட்டம் அது. கேட்கிறேன்: ஏர் பிடித்தவன் மகனுக்கு எழுதுகோல் பிடிக்க வராது என்றீர்களே, பிடித்துக் காட்டவில்லையா? கத்தி பிடித்து அறுவை செய்ய வராது என்றீர்களே, செய்து காட்டவில்லையா? கருவியைக் காணாதவன் கருவி கண்டு மிரளுவது தகுதிக் குறைவல்ல, பழக்கக் குறைவு. பழக்கம் பணம் உள்ள வீட்டிலே முன்கூட்டி வருகிறது. இல்லாத வீட்டிலே பிந்தி வருகிறது. அவ்வளவே வேறுபாடு!

2020ஆம் ஆண்டு, அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பிலே 7.5 விழுக்காடு ஒதுக்கிச் சட்டம் செய்தது தமிழ்நாடு. 2022இல் சென்னை உயர்நீதிமன்றமும் அது செல்லும் என்றது. பூட்டியிருந்த கதவு திறந்தது. ஆனால், வாயிற்படி தாண்டி வந்த பிள்ளைக்கு உள்ளே இன்னொரு பூட்டு காத்திருக்கலாமா?

அதே 2020 மார்ச்சுத் திங்களில், கொரோனா கொடுமையால் கல்லூரிகள் அடைபட்டன. பாடம் திரைக்குப் போயிற்று. ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் பங்கிட்டுக்கொண்ட வீடுகள் எத்தனை! சிக்னல் தேடி மொட்டை மாடி ஏறிய பிள்ளைகள் எத்தனை! கொள்ளைநோய் தணிந்தது, திரை தணியவில்லை. இன்று விரிவுரை திரையிலே. தேர்வுப் பயிற்சி திரையிலே. நோயாளியின் குறிப்பேடு திரையிலே.

"போகட்டுமே, மருத்துவனுக்கு நாடி பார்க்கத் தெரிந்தால் போதாதா?" என்பார் சிலர். போதாது, ஐயா! உலகெங்கும் வெளியாகும் மருத்துவ ஆய்வுகளின் சுருக்கங்களை, பப்மெட் என்னும் இணையக் களஞ்சியம் 1997 முதல் காசில்லாமல் காட்டுகிறது. அதைத் தேடிப் படிக்கத் தெரிந்த மருத்துவர், புது மருந்தின் நன்மை தீமையைத் தாமே எடைபோடுவார். தெரியாதவர்? மருந்துக் கம்பெனி விற்பனையாளர் நீட்டும் வண்ணத் தாளை நம்புவார்! அந்த நம்பிக்கைக்கு விலை கொடுப்பவர் யார்? ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலிலே, கூலியை இழந்து காத்திருக்கும் ஏழை!

ஆகவே இது மாணவர் சிக்கல் மட்டுமல்ல. மக்கள் உயிர்ச் சிக்கல்.

மடிக்கணினியை மாணவர் கையிலே தரும் திட்டம் 2011இல் தொடங்கிய நாடு இது. கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்குக் கணினி என்று 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே அறிவித்த நாடும் இதுவே. நன்று! ஆனால் பெட்டியைக் கொடுத்தால் போதுமா, திறக்கும் வித்தையைக் கொடுக்க வேண்டாமா? 2019இல் டில்லியிலே வகுத்த புதிய மருத்துவப் பாடத்திட்டம், முதல் மாதத்து அடிப்படைப் பயிற்சியிலே மொழிக்கும் கணினிக்கும் சேர்த்து ஒதுக்கியது 40 மணி நேரம்! தெரிந்தவனுக்கும் அதே 40. தெரியாதவளுக்கும் அதே 40. ஓடத் தெரிந்தவனையும் நடக்கத் தொடங்கியவளையும் ஒரே கோட்டிலே நிறுத்திவிட்டு, அதற்குப் பெயர் சமத்துவமாம்!

மொழியையும் எண்ணுங்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தந்தார். 2001இல் கலைஞர் ஆட்சியிலே தமிழ் இணையப் பல்கலைக்கழகம் எழுந்தது. அந்நியருக்கு முடிந்தது நமக்கு முடியாதா? ஆங்கிலக் கலைச்சொற்களை விட வேண்டாம். விளக்கம் தமிழிலே இருக்கட்டும்!

கேட்பது கொஞ்சமே. சேர்ந்த நாளிலேயே கணினி, புதியவர்க்குத் தனிப்பயிற்சி, விடுதியிலே தடையில்லா இணையம், இரவிலும் திறந்திருக்கும் கணினிக்கூடம், கைகொடுக்க மூத்த மாணவர். இணையத்திலே உண்மை எது, உளறல் எது என்று பிரித்தறியவும் பயிற்சி! திரை, ஆசிரியருக்கு மாற்றல்ல; நோயாளியின் படுக்கையருகே நின்று கற்பதைத் திரை தராது. துணை துணையாகவே இருக்கட்டும்.

அன்று, அவர்கள் படிக்கவே கூடாதென்றார்கள், படித்தோம். இன்று, திரையைக் காட்டி மிரட்டுகிறார்கள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, ஒரு திங்கள் பழக்கிவிடுங்கள். பிறகு பாருங்கள், நடுங்குவது அவள் கையா, 'தகுதி' பேசுவோர் நாவா என்று!