மாகாண சபையும் நமது கிராமப் பண்பாடும்

மாகாண சபை என்றதும் நம் மக்களின் மனதில் முதலில் எழுவது காணி, பொலிஸ் அதிகாரங்கள் பற்றிய நீண்ட விவாதமே. அவ்விவாதம் முக்கியமானது. ஆயினும், மாகாணங்களுக்கு வழங்கப்பட்ட பொறுப்புக்களுள் அதிகம் பேசப்படாதவையும் உண்டு. கலை, பண்பாடு, கிராம அபிவிருத்தி ஆகியன அத்தகையவை. இவற்றுக்கென மாகாண மட்டத்தில் அலுவலகங்கள் இருக்கின்றன, உத்தியோகத்தர்கள் இருக்கின்றார்கள், ஆண்டுதோறும் ஓரளவு பணமும் ஒதுக்கப்படுகின்றது. ஆனால் எந்த அலுவலகம் எதற்குப் பொறுப்பு என்பதை நமது கிராமங்களில் அறிந்தவர்கள் மிகச் சிலரே. அறியாமையால் இழப்பது கிராமம்தான். எனவே இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்குவோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1987 ஜூலை 29இல் இந்திய - இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. அதனைத் தொடர்ந்து அதே ஆண்டு நவம்பரில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமும், 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் நடைமுறைக்கு வந்தன. இத்திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் ஒன்பதாம் அட்டவணை சேர்க்கப்பட்டது. அதிகாரங்கள் அங்கே மூன்று நிரல்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மாகாணத்துக்கு உரியவை ஒரு நிரல். மத்திய அரசு தன்னிடம் வைத்துக்கொண்டவை இன்னொரு நிரல். இருதரப்பும் கையாளக்கூடியவை மூன்றாவதான ஒருங்கிய நிரல்.

கிராம அபிவிருத்தி, சமூக சேவை, நாடகம், இசை, கேளிக்கைகள், மாகாணத்தின் நிதியில் நடைபெறும் நூலகங்கள், அரும்பொருட்காட்சியகங்கள் என்பன மாகாண நிரலிலே இடம்பெறுகின்றன. விழாக்கள், கண்காட்சிகள், யாத்திரைகள் என்பன ஒருங்கிய நிரலில் உள்ளன. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவையெனப் பிரகடனஞ் செய்யப்பட்ட தொல்பொருட் சின்னங்களோ மத்திய அரசின் கீழேயே வருகின்றன. ஆகவே ஊரின் பழைய கட்டடமொன்றைத் தொல்லியல் திணைக்களம் பொறுப்பேற்றுவிட்டால், மாகாணத் திணைக்களம் கோரிக்கை விடலாமே தவிரக் கட்டளை இட முடியாது.

வடக்கும் கிழக்கும் முதலில் இணைந்த ஒரே மாகாணமாக இயங்கின. 1988 நவம்பரில் தேர்தல் நடைபெற்றது. அச்சபை 1990இல் முடிவுக்கு வந்தபின் ஆளுநரின் கீழ் நிர்வாகம் தொடர்ந்தது. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையடுத்து 2007 ஜனவரி முதல் இரு மாகாணங்களும் பிரிந்தன. கிழக்கில் 2008இலும் 2012இலும், வடக்கில் 2013இலும் தேர்தல்கள் நடைபெற்றன. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரிலும், வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரிலும் முடிவடைந்தன. அதன்பின் பல ஆண்டுகள் ஆளுநர்களின் கீழேயே நிர்வாகம் நடந்து வந்திருக்கிறது. சபை இல்லாதபோதும் திணைக்களங்கள் இயங்குகின்றன. ஆனால் மக்களின் குரலைச் சபையிலே எழுப்ப ஓர் உறுப்பினர் இல்லாதபோது, திணைக்களத்தின் கதவை மக்களே நேரில் தட்டவேண்டியவர்களாகின்றனர்.

மூன்று கதவுகள்

கிராமத்தவர் ஒருவர் பண்பாட்டு அலுவலொன்றுக்காகச் செல்லக்கூடிய கதவுகள் மூன்று. இவற்றைப் பிரித்தறியாததால் ஏற்படும் அலைச்சல் கொஞ்சமல்ல.

முதலாவது, மத்திய அரசு. கலாசார அலுவல்கள் திணைக்களமும் சமய அலுவல்களுக்கான திணைக்களங்களும் கொழும்பிலே தலைமையகங்களைக் கொண்டவை. பிரதேச செயலகத்திலே நாம் சந்திக்கும் கலாசார உத்தியோகத்தர் பெரும்பாலும் இவ்வழியாகவே பணியாற்றுகின்றார். மூத்த கலைஞர்களுக்கு வழங்கப்படும் கலாபூசணம் விருதும் மத்திய அரசினுடையதே. பிரதேச செயலாளர்களின் அதிகாரங்கள் 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் வரையறுக்கப்பட்டன. ஆயினும் அதே கட்டடத்தில் மாகாண அலுவல்களும் நடைபெறுவதால் மக்கள் குழம்புவது இயல்பே.

இரண்டாவது, மாகாணம். கிழக்கில் பண்பாட்டலுவல்களுக்கெனத் தனித் திணைக்களம் உண்டு. வடக்கில் கல்வி அமைச்சின் கீழ் ஓர் அலகாக இப்பணி நடைபெற்று வந்துள்ளது. நூற்பரிசு, கலைஞர் கௌரவிப்பு, மாகாண இலக்கிய விழா என்பன இவற்றின் வழமையான பணிகள். இவற்றோடு மாகாணக் கிராம அபிவிருத்தித் திணைக்களமும் இருக்கிறது. கிராம அபிவிருத்திச் சங்கங்களையும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களையும் பதிவு செய்வதும் வழிநடத்துவதும் அதன் பணியாகும்.

மூன்றாவது, உள்ளூராட்சி மன்றம். ஊர் நூலகம், பொது மண்டபம், விளையாட்டு மைதானம் என்பன பெரும்பாலும் பிரதேச சபைக்கு உரியவை. சனசமூக நிலையங்களும் அங்கேயே பதிவு செய்யப்படுகின்றன. மலையகத்தில் இக்கதவு நெடுங்காலம் அடைத்தே கிடந்தது. தோட்டப் பகுதிகளில் பிரதேச சபைகள் செலவு செய்வதற்குச் சட்டத்தில் இருந்த தடை 2018ஆம் ஆண்டின் திருத்தத்துடனேயே நீங்கியது.

இங்கு இன்னொன்றையும் விளங்கிக்கொள்ள வேண்டும். மாகாணத்தில் முதலமைச்சரைத் தவிர நான்கு அமைச்சர்களுக்கு மேல் இருக்க முடியாது என்பது அரசியலமைப்பின் விதி. எனவே கல்வி, பண்பாடு, விளையாட்டு, இளைஞர் விவகாரம் யாவும் ஒரே அமைச்சரின் மேசைக்கு வருகின்றன. ஆயிரக்கணக்கான ஆசிரியர்களின் இடமாற்றமும் சம்பளமும் கிடக்கும் மேசையிலே, ஒரு கூத்துக் குழுவின் விண்ணப்பம் எந்த அடுக்கில் இருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

கூத்தும் அபிவிருத்தியும் வேறு வேறா?

அலுவலகங்களில் பண்பாடு ஒரு கோப்பு, கிராம அபிவிருத்தி வேறொரு கோப்பு. கிராமத்தில் இவ்விரண்டும் அவ்வாறு பிரிந்து கிடப்பதில்லை.

மட்டக்களப்புக் கிராமமொன்றில் கூத்துப் பழக்கப்படும் முறையைப் பாருங்கள். முதலில் ஊர்ப் பெரியவர்கள் கூடி அண்ணாவியாரை அழைக்கின்றனர். யாருக்கு எந்தப் பாத்திரம் எனத் தெரிந்து சட்டம் கொடுக்கப்படுகிறது. பல மாதங்கள் இரவிரவாகப் பழக்கம் நடைபெறுகிறது. சதங்கை கட்டும் நாள் ஒரு சடங்கு. அடுக்குப் பார்த்தபின் வட்டக்களரியில் அரங்கேற்றம். களரி கட்டுபவர், மத்தளக்காரர், உடுப்புக் கட்டுபவர், விளக்குக்கு எண்ணெய் கொடுப்பவர் எனப் பலர் பங்குபற்றுகின்றனர். பணம் சேர்க்கப்படுகிறது, கணக்குப் பார்க்கப்படுகிறது, பிணக்குகள் பேசித் தீர்க்கப்படுகின்றன.

இவை யாவும் ஒரு நல்ல கிராம அபிவிருத்திச் சங்கம் செய்யவேண்டிய காரியங்களே! ஒன்றுகூடல், பொறுப்புப் பகிர்தல், கணக்குக் காட்டல், இளையோரைப் பயிற்றுதல் என்று நாம் கருத்தரங்குகளில் கற்பிப்பவற்றை, கூத்துக் களரி பல தலைமுறைகளாகக் கற்பித்து வந்துள்ளது. மன்னாரின் வாசாப்பும் கத்தோலிக்கக் கரையோரக் கிராமங்களின் நாட்டுக்கூத்தும், மலையகத்தின் காமன் கூத்தும் இவ்வாறானவையே. கூத்து நின்றுபோன ஊரில் நிற்பது ஆட்டம் மாத்திரமல்ல, ஊர் ஒன்றுகூடும் ஒரு பழக்கமும் சேர்ந்தே நின்றுவிடுகிறது.

போரும் இடப்பெயர்வும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் வடகிழக்குக் கிராமங்களைச் சிதறடித்தன. மீளக்குடியேறியோர் வீட்டுக்கும் கிணற்றுக்கும் முதலிடம் கொடுத்தது நியாயமே. ஆனால் கையெழுத்துக் கூத்துக் கொப்பிகளை எந்த வீட்டுத்திட்டமும் மீட்டுத் தராது. பாடல்களை மனனமாக வைத்திருக்கும் அண்ணாவியார் ஒருவர் மறைந்தால், எழுதப்படாத கூத்து அவரோடு போய்விடும். பாலத்தைப் பத்து ஆண்டுகள் தாமதித்தும் கட்டலாம், அண்ணாவியாரிடம் கேட்டு எழுதும் வேலைக்கு அந்த வசதி இல்லை.

முன்னோர் காட்டிய வழி

அரச அமைப்பொன்று நினைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமை வகித்தார். அக்காலத்தில் அண்ணாவிமார் தேடிக் கண்டு கௌரவிக்கப்பட்டனர். கிராமக் கூத்துக்கள் மேடைக்கு வந்தன. 1962இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் கர்ணன் போர் கூத்தை ஆடினர். மன்னார்ப் பிரதேசத்து எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் 1964இல் அச்சேறியது. அன்று அச்சேறியவை இன்றும் நம் கையில் இருக்கின்றன.

அங்கே நடைபெற்றவை நான்கே காரியங்கள்: ஊருக்குச் செல்லல், அண்ணாவியாரை மதித்தல், எழுதி அச்சிடல், இளையோரைப் பயிற்றல். இன்றைய மாகாணத் திணைக்களத்தின் பணியையும் இந்நான்கு கொண்டே நாம் அளந்து பார்க்கலாம். ஒரு நாள் விழாவும் பொன்னாடையும் இரண்டாவது பணியின் ஒரு பகுதியை நிறைவேற்றும். ஏனைய மூன்றுக்கும் அவை ஈடாகா.

பணமும் பருவமும்

மாகாண சபைகளின் வரவில் பெரும்பகுதி மத்திய அரசிடமிருந்தே வருகின்றது. நிதி ஆணைக்குழுவின் விதந்துரையின்படி அது பகிரப்படுகின்றது. நிதியாண்டு ஜனவரி 1இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகின்றது. பணம் கைக்கு வர ஆண்டின் நடுப்பகுதி ஆகிவிடுவதுண்டு. செலவழியாத பணமோ ஆண்டு முடிவில் திரும்பிவிடும். விழாக்கள் பல ஆண்டின் கடைசி மாதங்களில் நெருக்கியடித்து நடைபெறுவதன் இரகசியம் இதுவே.

கிராமத்தின் பருவம் வேறு. மாசி, பங்குனியில் காலபோக அறுவடை முடிந்தபின்னரே உழவர் கைகளுக்கு ஓய்வு. கத்தோலிக்கக் கிராமங்களில் பாஸ்கு நடைபெறுவது தபசுகால முடிவில். மட்டக்களப்பின் கோயிற் சடங்குகள் பல வைகாசி, ஆனி மாதங்களில். கூத்துக்கு உதவி தேவைப்படும் வேளையில் திணைக்களத்தில் பணம் இல்லை; பணம் வரும்போது வயலில் விதைப்பு, வானத்தில் மாரிமழை. இதனைச் சீர்செய்யப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. கிராமங்கள் தமது தேவையை முதல் ஆண்டின் நடுப்பகுதிக்குள், அதாவது மதிப்பீடுகள் தயாராகும் காலத்தில், எழுத்தில் கொடுப்பது ஒரு வழி. திணைக்களம் கிராம நாட்காட்டியைப் பார்த்துத் திட்டமிடுவது மறுவழி.

யாருடைய பண்பாடு?

பண்பாட்டைப் பேணுவோம் என்று சொல்லும்போது ஒரு கேள்வியைத் தவிர்க்கக்கூடாது. நமது கிராமங்களில் யார் ஆடலாம், யார் பறை அடிக்கவேண்டும், யார் களரிக்கு வெளியே நிற்கவேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்த காலம் முற்றாகப் போய்விடவில்லை. பறை அடித்தவரின் கலையைப் புகழ்ந்துகொண்டே அவரைச் சபையில் அமரவிடாத வழக்கத்தைப் பொதுப்பணத்தால் பேணுவது தகாது. பெண்களைப் பார்வையாளராக மட்டும் வைத்திருக்கும் வழக்கமும் அவ்வாறே. ஒப்பாரியும் தாலாட்டும் நாற்றுநடுகைப் பாடலும் பெண்களின் ஆக்கங்கள். ஆயினும் விருதுப் பட்டியல்களில் அவற்றைப் பாடும் கிராமத்துப் பெண்களின் பெயரைக் காண்பது அரிது. அயற்கிராமத்து முஸ்லிம், சிங்கள மக்களின் கலைகளும் அதே மாகாணத்தின் செல்வங்களே. மாகாணத் திணைக்களம் எல்லோருக்கும் உரியது என்பதை நாம் மறக்கலாகாது.

நாம் செய்யக்கூடியவை

1. கிராம அபிவிருத்திச் சங்கத்தை உயிருடன் வைத்திருப்போம். ஆண்டுப் பொதுக்கூட்டம், கூட்டறிக்கை, கணக்கறிக்கை ஆகியன ஒழுங்காக இருந்தால்தான் சிறு வேலைகளை ஒப்பந்தமாகப் பெறவும் உதவி கோரவும் முடியும். செயலிழந்த சங்கத்துக்கு எந்தத் திணைக்களமும் பணம் தராது.

2. ஊரின் கலைஞர்களைப் பட்டியலிடுவோம். அண்ணாவியார், மத்தளக்காரர், பாடும் மூதாட்டிமார், பாய் இழைப்போர், வைத்தியர் என யாவரையும் சேர்ப்போம். அவர்களின் வயதையும் குறிப்போம். மூத்தவரிடமே முதலில் செல்லவேண்டும்.

3. பதிவு செய்வோம். இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு குறைவு. க.பொ.த. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் பாடலை ஒலிப்பதிவு செய்யவும் கொப்பியைப் படமெடுக்கவும் முடியும். ஒரு பிரதியை நூலகத்திலும் வைப்போம்.

4. எழுத்தில் கேட்போம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் மாகாணத் திணைக்களங்களுக்கும் பிரதேச சபைகளுக்கும் பொருந்தும். நமது பிரதேசத்தில் பண்பாட்டுக்கும் கிராம அபிவிருத்திக்கும் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எதற்குச் செலவானது எனத் தமிழிலேயே கேட்கலாம். விண்ணப்பத்தின் மீதான தீர்மானத்தைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும்.

5. பண்பாட்டு உத்தியோகத்தரையும் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரையும் ஒரே கூட்டத்துக்கு அழைப்போம். அலுவலகத்தில் பிரிந்திருக்கும் இரு கோப்புகளும் ஊரின் மரநிழலிலாவது ஒன்று சேரட்டும்.

முடிவாக

பண்பாட்டை உருவாக்கித் தரும் ஆற்றல் எந்தத் திணைக்களத்துக்கும் இல்லை. அது மக்களிடமே பிறக்கிறது. ஆனால் மக்கள் ஆடுவதற்கு ஓர் இடம், பழக்குபவருக்கு ஒரு கௌரவம், பழகும் பிள்ளைக்கு ஒரு வாய்ப்பு, பாடியவை அழியாதிருக்க ஓர் ஏடு ஆகியவற்றைத் திணைக்களம் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். அதனைக் கேட்டுப் பெறுவது பிச்சை கேட்பதல்ல. நாம் செலுத்தும் வரியில் நமக்குள்ள பங்கைக் கேட்பதே ஆகும்.

உங்கள் குழுவில் கலந்துரையாட:

- உங்கள் ஊரில் கடைசியாகக் கூத்து அரங்கேறியது எந்த ஆண்டில்? அது ஏன் தொடரவில்லை?
- உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கடைசியாகப் பொதுக்கூட்டம் கூடியது எப்போது?
- உங்கள் ஊரில் யாருடைய கலை இதுவரை மேடைக்கு அழைக்கப்படவில்லை?