ஓநாய்த் தலைக்குள் யார்?

அமெரிக்காவில் பென்ஸில்வேனியா ராஜ்யத்தில் உள்ள பிட்ஸ்பர்க், ஒரு காலத்தில் இரும்புக்கும் எஃகுக்கும் பேர் போன ஊர். உலைகள் பெரும்பாலும் அணைந்து எத்தனையோ வருஷங்களாகி விட்டன. இப்போது கோடையில் நாலு நாள் அந்த ஊர் வேறொரு காரணத்துக்காகப் பேசப்படுகிறது. அந்த நாலு நாளும் ஆற்றங்கரையில் இருக்கும் பெரிய மகாநாட்டு மண்டபத்தைச் சுற்றி ஓநாய்கள் காபி வாங்கும். நரிகள் சாலையைக் கடக்க விளக்குக்காகக் காத்து நிற்கும். ஒரு நீல நிற டிராகன், லிஃப்டுக்குள் தன் வாலை அடக்க முடியாமல் அடக்கிக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் கிழவியாரிடம் மன்னிப்புக் கேட்கும் பாவனையில் தலையை ஆட்டும். கிழவியாரும் பதிலுக்குத் தலையை ஆட்டுவார். பழகிவிட்டது!

இந்தத் திருவிழாவுக்கு 'ஆந்த்ரோகான்' என்று பெயர். 1997-ல் நியூயார்க் ராஜ்யத்து ஆல்பனி நகரில் ஆரம்பித்து, 2006-லிருந்து பிட்ஸ்பர்க்கில் நடந்து வருகிறது. 2024-ல் வந்தவர்கள் 17,000 பேருக்கு மேல். வருகிறவர்கள் தங்களை 'ஃபர்ரிகள்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். 'ஃபர்' என்றால் மிருக ரோமம்.

நம் ஊர்ப் புலிவேஷத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம், இது வேறு. மிருகங்கள் மனிதரைப் போல நின்று, நடந்து, பேசி, சட்டை போட்டுக்கொண்டு குடித்தனம் செய்யும் கதைகள் உண்டல்லவா? சித்திரங்கள், கார்ட்டூன் சினிமாக்கள் உண்டல்லவா? அவற்றின் மேல் தீராத ஆசை கொண்டவர்களின் கூட்டம் இது. ஆசையோடு நின்றுவிடுவதில்லை. ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு மிருக அவதாரத்தைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். அதற்கு 'ஃபர்சோனா' என்று பெயர். ஓநாய், நரி, நாய், டிராகன் ஆகியவற்றுக்கு அதிக கிராக்கி. அதற்குப் பெயர், நிறம், குணம், பூர்வோத்திரம் எல்லாம் உண்டு. அதைப் படமாக வரைவார்கள், கதையாக எழுதுவார்கள், மார்பில் அட்டையாகக் குத்திக்கொள்வார்கள். முழு உடுப்பு தைத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் சிறுபான்மையோர்தான். ஏனென்றால் நல்ல உடுப்பு ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். ஆனாலும் பத்திரிகைப் படங்களில் வருகிறவர்கள் அந்தச் சிறுபான்மையோரே.

பார்க்கிறவர்களுக்கு உடனே எழும் கேள்வி, உங்களுக்கும் இந்நேரம் எழுந்திருக்கும். "இவர்களுக்கு என்ன, புத்தி சுவாதீனம் இல்லையா?"

இதே கேள்வியைத்தான் அமெரிக்கப் பத்திரிகைகளும் கேட்டன. கேட்டன என்பதைவிடத் தாங்களே பதிலும் சொல்லிக்கொண்டன என்பதே சரி. 2001-ல் ஒரு பிரபல மாதப் பத்திரிகை, 2003-ல் ஒரு துப்பறியும் தொலைக்காட்சித் தொடர் என்று வரிசையாக வந்தவை, இதெல்லாம் மிருக வேஷம் போட்ட காமப் பித்து என்றே சித்திரித்தன. அதற்குப் பிறகு ஃபர்ரிகள் நிருபர் என்ற சொல்லைக் கேட்டாலே வாலைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்க ஆரம்பித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கேத்லீன் ஜெர்பாசி என்ற அம்மாள் பிட்ஸ்பர்க்குக்கு வந்து சேர்ந்தார். நயாகரா நீர்வீழ்ச்சிப் பக்கம் ஒரு சிறிய கல்லூரியில் மனோதத்துவப் பேராசிரியை. மனிதருக்கும் மிருகத்துக்கும் உள்ள உறவை ஆராய்வது அவருடைய துறை. பத்திரிகைகள் சொல்லுவது நிஜந்தானா என்று ஃபர்ரிகளையே கேட்டுவிடலாமே என்பது அவருடைய எண்ணம். கேள்வித் தாள்களைக் கொடுத்தார். பூர்த்தி செய்து கொடுத்தார்கள். 2008-ல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது.

பத்திரிகைகள் கட்டிவிட்ட பல கதைகளுக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் கட்டுரையில் ஒரு சங்கதி வம்பில் மாட்டிக்கொண்டது. ஃபர்ரிகளில் பலர் தம்மை மனிதர்கள் என்றே நினைப்பவர்கள். ஒரு பகுதியினர் தாம் முழுக்க மனிதரல்ல என்று உள்ளூர உணர்வதாகச் சொன்னார்கள். இந்தச் சிலரைப் பற்றிப் பேசும்போது, 'இன அடையாளக் கோளாறு' என்று ஒரு நோய்ப் பெயரை வைத்துப் பார்க்கலாமா என்று கட்டுரை யோசனை சொல்லியது. அப்போது மருத்துவ நூல்களில் இருந்த 'பால் அடையாளக் கோளாறு' என்பதன் அச்சில் வார்த்த பெயர் இது. 2011-ல் அதே ஆராய்ச்சிப் பத்திரிகையில் ஃபியோனா ப்ரோபின்-ராப்ஸி என்ற இன்னொரு அறிஞர் இதைக் காரசாரமாகக் கண்டித்து எழுதினார். ஜெர்பாசி பதில் எழுதினார். இதில் ஒரு வேடிக்கை: எந்தப் பெயரைப் பார்த்து இந்தப் பெயர் வார்க்கப்பட்டதோ, அந்த மூலப் பெயரையே 2013-ல் அமெரிக்க மனநோய் மருத்துவர்கள் தங்கள் கையேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு மூட்டை கட்டியிருப்பார்கள். இந்த அம்மாள் மறுபடி மறுபடி போனார். கூடவே மூன்று பேர் சேர்ந்தார்கள். கானடாவில் வாட்டர்லூவைச் சேர்ந்த சமூகவியலாளர் ஷேரன் ராபர்ட்ஸ், டெக்ஸஸைச் சேர்ந்த ஸ்டீபன் ரேசன், கானடாவின் கோர்ட்னி ப்ளாண்ட். இந்த ப்ளாண்ட் என்பவர் தாமே ஒரு ஃபர்ரி என்பதை ஒளிக்காமல் சொல்லிக்கொள்கிறவர். 'ஃபர்சயன்ஸ்' என்ற பெயரில் இவர்கள் வருஷா வருஷம் கேள்வித் தாளோடு மகாநாடுகளுக்குப் போய், பல்லாயிரம் பேரிடம் பதில் வாங்கியிருக்கிறார்கள். 2023-ல் எல்லாவற்றையும் தொகுத்துப் பெரிய புத்தகமாகவும் போட்டார்கள்.

அவர்கள் கண்டது என்ன?

முதலில், யார் இவர்கள் என்று. சராசரி வயது இருபதுகளில். பெரும்பாலும் வெள்ளையர், ஆண்கள் அதிகம். ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண், இருபாலாரையும் விரும்புகிறவர், பிறந்த பாலில் இருக்க முடியாமல் மாறியவர் ஆகியோரையெல்லாம் சேர்த்தால் கூட்டத்தில் பாதிக்கு மேல் வருவார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் தாங்கள் 11 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் பள்ளிக்கூடத்தில் கேலிக்கும் அடிக்கும் ஆளானதாகச் சொன்னார்கள். ஃபர்ரி அல்லாதவர்களைவிட இது மிக அதிகம்.

இத்தனை அடிபட்ட கூட்டத்தின் மனநலம் எப்படி இருக்க வேண்டும்? கந்தலாகக் கிடக்க வேண்டும் என்றுதான் நாம் கணக்குப் போடுவோம். அங்கேதான் கணக்குத் தப்பியது. மன நிம்மதி, தன்மதிப்பு இவற்றை அளந்து பார்த்ததில் ஃபர்ரிகள் மற்ற ஜனங்களுக்குச் சளைத்தவர்களாக இல்லை. மனச்சோர்வும் பதற்றமும் இவர்களிடம் மட்டும் அளவுக்கு மீறி இருக்கவில்லை.

"எதற்காக இந்தக் கூட்டத்துக்கு வருகிறீர்கள்?" என்று கேட்டார்கள். பொழுதுபோக்கு என்ற பதில் நிறைய வந்தது. அதனோடு முன்வரிசையில் நின்ற பதில், 'இங்கே எனக்கு ஓர் இடம் இருக்கிறது' என்பது. காமம் சிலருக்கு ஓர் அம்சந்தான். இல்லையென்று அவர்களே சொல்லவில்லை. ஆனால் காரணங்களின் வரிசையில் அது பின்னால்தான் நிற்கிறது. பத்திரிகைக்காரர்கள் பின்வரிசையை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள் போலும்! எங்கள் தொழிலில் இது நடப்பதுதான்.

மிருகத் தலை எப்படி இடம் பிடித்துக் கொடுக்கிறது? ஃபர்சோனா என்பது பெரும்பாலும் அவரவர் ஆக விரும்பும் தாமே என்கிறார்கள் இந்த நால்வரும். வாய் திறக்கக் கூசுகிற பையன் வாயாடி நரியைப் படைத்துக்கொள்கிறான். நரியின் பெயரில் நாலு பேரோடு பேசிப் பழகுகிறான். நாளடைவில் நரிக்கு வந்த துணிச்சல் பையனுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஆட்டிசம் உள்ளவர்கள் வெளி உலகத்தில் இருப்பதைவிட அதிக விகிதத்தில் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். பிட்ஸ்பர்க்கிலேயே உள்ள டூகேன் சர்வகலாசாலையின் எலிசபெத் ஃபைன் என்ற மனோதத்துவப் பேராசிரியை, இவர்களோடு உட்கார்ந்து பேசி ஆராய்ந்து வருகிறார். யோசித்துப் பாருங்கள். எதிரே இருப்பவரின் புருவ நெளிவையும் உதட்டுச் சுழிப்பையும் படிக்கத் தெரியாமல் ஒவ்வொரு நாளும் தடுமாறுகிறவர் ஒருவர். அவருக்கு எதிரே, என்றும் மாறாத புன்னகையோடு ஒரு கரடி வந்து நிற்கிறது. கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டியதில்லை. கையை அகல விரித்தால் 'வா, கட்டிக்கொள்' என்று அர்த்தம். வேறு அர்த்தம் கிடையாது. பேச்சைத் தொடங்க, "உங்கள் ஓநாய்க்கு என்ன பெயர்?" என்று ஒரு கேள்வி எப்போதும் தயார். வெளியே எந்த விருந்திலும் இவ்வளவு சௌகரியம் அவருக்குக் கிடைக்காது.

அப்படியென்றால் இவர்களுக்குக் கஷ்டமே இல்லையா? இருக்கிறது. அது இந்த ஆராய்ச்சியில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட பகுதி. 2014-ல் இந்த நால்வர் வெளியிட்ட கட்டுரை ஒன்று, தாம் ஃபர்ரி என்பதை மற்றவர்களிடமிருந்து மறைக்கிறவர்களைப் பற்றியது. சிநேகிதர்களிடம் சொல்கிறவர்கள் பலர் பெற்றோரிடம் சொல்வதில்லை. ஆபீஸில் மூச்சு விடுவதில்லை. மறைப்பது எங்கே அதிகமோ, அங்கே தன்மதிப்புக் குறைவாக இருந்தது. மறைப்பதால் மனம் குன்றுகிறதா, மனம் குன்றியவர்கள் அதிகம் மறைக்கிறார்களா என்று கேள்வித் தாளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. மகாநாட்டுக்கு டிக்கெட் வாங்கி வரத் தைரியமும் பணமும் உள்ளவர்கள்தான் அந்தத் தாளைப் பூர்த்தி செய்கிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. வராதவர்களின் கதையைச் சேர்க்க இணையத்தின் மூலமும் கேட்கிறார்கள். அதற்கும் எல்லை உண்டு.

ஏன் மறைக்கிறார்கள் என்பதற்கு மட்டும் ஆராய்ச்சி தேவையில்லை. 2014 டிசம்பரில் சிகாகோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ரோஸ்மாண்ட் என்ற ஊரில் ஒரு ஃபர்ரி மகாநாடு நடந்தது. நடுநிசிக்கு மேல் யாரோ ஓட்டலின் மாடிப்படியில் குளோரின் பொடியைக் கொட்டிவிட்டார்கள். விஷவாயு பரவியது. ஆயிரக்கணக்கானவர்கள், சிலர் பாதி மிருக உடுப்போடு, கடுங்குளிரில் தெருவுக்கு ஓடி வந்தார்கள். 19 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். மறுநாள் இந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் வாசிக்க வந்த அம்மாளுக்கு, 'ஃபர்ரி' என்றால் என்னவென்று தெரிந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாசிப்பதை விட்டுவிட்டு எழுந்தே ஓடிவிட்டார். விஷவாயுவுக்கு ஆளான வேறு எந்தக் கூட்டத்தைப் பற்றியாவது அப்படிச் சிரித்திருப்பாரா?

பிறகு வந்தது பூனை மணல் கதை. பள்ளிக்கூடங்களில் தம்மைப் பூனை என்று நினைக்கும் பிள்ளைகளுக்காகக் கழிவறையில் மணல் தொட்டி வைக்கிறார்களாம்! 2021 கடைசியில் மிச்சிகனில் மிட்லண்ட் என்ற ஊரின் பள்ளிக் குழுக் கூட்டத்தில் இப்படி ஒரு புகார் எழுந்தது. அந்த ஊர்ப் பள்ளிகளின் தலைமை அதிகாரி, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று பெற்றோருக்கு எழுதினார். வதந்தி அதற்குள் எல்லை தாண்டிவிட்டது. 2022 மார்ச்சில் நெப்ராஸ்கா சட்டசபையில் ஓர் அங்கத்தினர் இதை நிஜம் போல எடுத்துப் பேசிவிட்டு, அன்றே மன்னிப்பும் கேட்டார். 2025-ல் டெக்ஸஸ் சட்டசபையில் பள்ளிகளில் மிருக பாவனையைத் தடை செய்ய ஒரு மசோதாவே வந்தது. நிறைவேறவில்லை.

கொலராடோவில் ஜெஃபர்ஸன் மாவட்டத்தில் மட்டும் வகுப்பறைகளில் கொஞ்சம் பூனை மணல் இருந்தது நிஜம். 1999-ல் துப்பாக்கிச் சூடு நடந்த கொலம்பைன் பள்ளி இருக்கும் மாவட்டம் அது. மறுபடி யாராவது துப்பாக்கியோடு நுழைந்து, பிள்ளைகள் மணிக்கணக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க நேர்ந்தால் அவசரத்துக்கு உதவட்டும் என்று வாளியில் போட்டு வைத்திருந்தார்கள்.

பிட்ஸ்பர்க்குக்குத் திரும்புவோம். அந்த ஊர்க்காரர்கள் ஆரம்பத்தில் கண்ணைக் கசக்கிப் பார்த்தார்கள். பிறகு ஓட்டல்காரர்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தார்கள். மண்டபத்துக்கு அருகே இருந்த ஒரு சிற்றுண்டிக் கடைக்காரர் 'ஃபர்' என்ற ஓசை வரும்படி தம் பெயர்ப் பலகையையே மாற்றிக்கொண்டார். மகாநாட்டின் தலைவர் சாமுவேல் கான்வே ஒரு ரசாயன நிபுணர். மேடையில் தோன்றும்போது மிருகத் தோலுக்குப் பதில் வெள்ளை ஆய்வுக்கூட அங்கியைத்தான் மாட்டிக்கொள்வார். வருஷா வருஷம் உள்ளூர்ப் பிராணிகள் நலச் சங்கம் ஒன்றுக்கு நிதியும் திரட்டிக் கொடுக்கிறார்கள்.

கடைசியாக உடுப்பு ஊர்வலம். ஆயிரத்துக்கு மேற்பட்ட மிருகங்கள் வரிசையாக வர, தெரு ஓரத்தில் அப்பாமார் தோளில் குழந்தைகள். உடுப்புக்குள் வெயில் வேகவைக்கிறது. கண் துவாரம் சின்னது, படி தெரியாது. ஆகையால் பலருக்குப் பக்கத்தில் ஒரு துணையாள், கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வருகிறார். உடுப்பில் இருக்கும்போது பலர் பேசுவதில்லை. எல்லாம் சைகைதான்.

ஊர்வலம் முடிந்ததும் அவர்கள் போகும் அறை ஒன்று உண்டு. 'தலையில்லாதவர் கூடம்' என்று அதற்குப் பெயர். புகைப்படம் எடுக்க அங்கே அனுமதி கிடையாது. பெரிய பெரிய மின்விசிறிகள், குடம் குடமாகக் குளிர்ந்த தண்ணீர். ஓநாயும் நரியும் கரடியும் தலைகளைக் கழற்றி விசிறிக்கு முன்னால் காய வைத்துவிட்டு நாற்காலியில் சாய்கிறார்கள். உள்ளேயிருந்து வெளிப்படுவது வியர்வையில் ஒட்டிய தலைமயிரும், மூக்குக் கண்ணாடியின் தழும்பும், சிவந்த கன்னங்களும். கம்ப்யூட்டர் வேலைக்காரர் ஒருவர், கல்லூரி மாணவி ஒருத்தி, கடைச் சிப்பந்தி ஒருவர். அரை நாளாக வாயே திறக்காத புலி, பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்து, "அந்தத் தண்ணீரை இப்படிக் கொஞ்சம் கொடுங்களேன்" என்கிறது.