உங்களுக்குத் தெரியுமா? பட்டாசுக்குப் பங்காளி கிடையாது!

சிவகாசி டைரியும் நோட்டும் கப்பலேறும் முன் எழும் கேள்வி: பங்குக் கன்டெய்னரா, முழுக் கன்டெய்னரா?

கொஞ்சம் சரக்கென்றால் பங்கு, அதாவது எல்.சி.எல். கன மீட்டர், டன் இரண்டில் எது கூடுதலோ அதற்குக் கட்டணம். 20 அடிப் பெட்டியின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். சரக்கு அதில் பாதியை நெருங்கினாலே முழுப்பெட்டி மலிவாகிவிடுவதுண்டு.

பட்டாசிடம் இந்தக் கணக்கு செல்லாது. ஐ.எம்.டி.ஜி. எனும் கடல்வழி ஆபத்துச் சரக்கு விதிகளில் அது 1-ஆம் வகுப்பு, வெடிபொருள். தீப்பெட்டியோ 4.1, தீப்பற்றும் திடப்பொருள். ஒரே ஊரில் பிறந்தவைதான். ஆனாலும் இரண்டையும் ஒரே கன்டெய்னரில் ஏற்ற விதி இடம்தராது. திருப்பூர் பனியனோடு பட்டாசைப் பங்குபோட்டு அனுப்பவும் பொதுவாக யாரும் சம்மதிப்பதில்லை. பெட்டியில் இடம் மிஞ்சினாலும் முழு வாடகைதான்.