கண்ணில் தெரியும் நடுக்குவாதம்

கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் 1906ஆம் ஆண்டில் நிறைவேறிய காலந்தொட்டு நெல்லுக்குப் பேர்போன பாகான் செராயின் சுற்றுவட்டத்துப் பழைய தோட்டங்களில், பால்மரம் வெட்டியும் புல்லுக்கு மருந்தடித்தும் சீவனம் நடத்திய தமிழர் பலர் இன்று முதுமை எய்தியிருக்கின்றனர். அவர்களுள் ஒருவருக்குக் கை நடுங்கி நடை தளர்ந்தால் வீட்டார் கவலையுறுகின்றனர்; ஆனால் படிக்கட்டின் விளிம்பு தெரியவில்லை, மங்கிய வர்ணங்கள் பிரிந்து தோன்றவில்லை என்று அவரே முறையிடும்பொழுது, "வயசாச்சு தாத்தா, கண்ணு மங்கத்தானே செய்யும்" என்று சமாதானம் சொல்லிவிடுகின்றனர். அந்த முறையீடும் நடுக்கத்தைத் தந்த வியாதியின் ஓர் அங்கமாக இருக்கக்கூடும்.

1817இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்கின்சன் விவரித்த அந்நோயில், மூளையின் ஆழத்தே டோபமைன் என்னும் இரசாயனத்தைச் சுரக்கும் உயிரணுக்கள் படிப்படியாக அழிகின்றன. கருவில் மூளையினின்றே கிளைத்து வளரும் விழித்திரையிலும் டோபமைன் சுரக்கும் அணுக்கள் உண்டு; ஒளி மிகுந்த வேளைக்கும் குறைந்த வேளைக்கும் ஏற்பப் பார்வையைச் செப்பனிட்டு, ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள சூக்ஷ்மமான பேதத்தைக் காட்டுவதில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. ஆகவே அங்கும் டோபமைன் குறையும்பொழுது, எழுத்துப் பலகையைப் பிழையின்றிப் படிப்பவர்கூட அந்தி வெளிச்சத்தில் தடுமாறுகிறார். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தாமோதரனும் ராமசாமியும் 1937இல் பூனைக்காலி விதையினின்று பிரித்தெடுத்த லெவோடோபாவே இன்றும் இந்நோய்க்குத் தலையாய மருந்து. அதை உட்கொண்ட நோயாளிகள் சிலரிடம் இப்பார்வைக் குறை ஓரளவு தணிவதும் டோபமைன் குறைவு ஈடாவதாலேயே.

விழித்திரையின் அடுக்குகளை ஒளிக்கதிரால் அளக்கும் ஓ.சி.டி. என்னும் பரிசோதனையை 1991இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் உலகுக்கு அறிவித்தனர். அதன் துணைகொண்டு, லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையைச் சார்ந்தோர் 2023இல் வெளியிட்ட ஆய்வு, பார்கின்சன் நோயாளிகளின் விழித்திரை உள்ளடுக்குகள் மெலிந்திருப்பதையும், அம்மாறுதலின் அடையாளங்கள் நோய் வெளிப்படுவதற்குச் சராசரியாக 7 ஆண்டுகளுக்கு முன்னரே காணப்படுவதையும் புலப்படுத்திற்று.  

எனினும், பலரை ஒருங்கே ஆராய்ந்து பெற்ற இவ்வுண்மையைக் கொண்டு ஒரு தனி மனிதருக்கு இந்நோய் வருமென்று ஆரூடம் சொல்லலாகாது. கண்ணழுத்த நோயிலும் இவ்வடுக்குகள் மெலியும், இனிப்புநீரிலும் விழித்திரை பழுதுபடும்.

நம்மால் ஆகக்கூடியவை வேறு உண்டு. படிக்கட்டின் விளிம்பில் வெளிர்நிறச் சாயம் பூசுங்கள். குளியலறைக்குச் செல்லும் வழியில் இரவெல்லாம் விளக்கெரியட்டும். இனிப்புநீருக்காகக் கண் பார்க்கச் செல்லும் முதியவர், கை நடுக்கத்தையும் அவ்வைத்தியரிடம் சொல்லட்டும். நரம்பு வைத்தியரிடம் செல்பவர் கண்ணின் குறையை மறைக்காதிருக்கட்டும். மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்த பாராகுவாட் களைக்கொல்லிக்கும் பார்கின்சன் நோய்க்கும் தொடர்பிருப்பதாக ஆய்வுகள் பல சுட்டுவதால், தோட்டத்தில் மருந்தடித்தவர்கள் அச்செய்தியையும் தவறாது கூறவேண்டும். அவர்களது உழைப்பின் பயனை நுகர்ந்த நாம், அவர்களுடைய முறையீட்டை முதுமையின் தலையில் சுமத்திவிட்டு வாளாவிருப்பது தர்மமன்று.