எந்தத் துப்பாக்கிக்கு எந்த மருந்து?

வெடிமருந்து என்றவுடன் நம்மில் பெரும்பாலோருடைய மனக்கண்முன் வருவது ஒரே பொருள்தான். திருவிழாக் காலத்து அதிர்வேட்டிலும், நாட்டுத் துப்பாக்கியிலும் கெட்டிக்கும் கறுப்புத் தூள் அது. கூடப் போட்டால் பெரிய சத்தம், குறைத்துப் போட்டால் சிறிய சத்தம். இதற்குமேல் ஆராய அதில் என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்பே.

ஆனால் அமெரிக்க தேசத்தில் துப்பாக்கிச் சாமான்கள் விற்கும் பெரிய கடை ஒன்றின் அலமாரியைப் பார்த்தால் இந்த எண்ணம் மாறிவிடும். அங்கே வெடிமருந்து நூறுக்கு மேற்பட்ட வகைகளில், வெவ்வேறு பெயரும் எண்ணும் பொறித்த டப்பாக்களில் கிடைக்கிறது. ஒன்று மெல்லிய தகடுகளாக இருக்கும். இன்னொன்று கத்தரித்த நூல் துண்டுகள் போல் இருக்கும். மற்றொன்று கேழ்வரகைவிடச் சிறிய உருண்டைகளாக இருக்கும். ரஸாயனப் பாடம் நடக்கையில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன் எழுந்து, "அவற்றுள் மிகவும் பலமானது எது, ஸார்?" என்று கேட்டான். எவருக்கும் முதலில் தோன்றும் கேள்வி அதுதான். ஆனால் துப்பாக்கி மருந்தைத் தேர்ந்தெடுப்பவன் கேட்கத் தகாத கேள்வியும் அதுவே. அவன் கேட்க வேண்டியது, "எது எவ்வளவு வேகமாய் எரியும்?" என்பதாகும்.

தோட்டாவின் நான்கு உறுப்புக்கள்

தோட்டா என்பது நான்கு பொருள்களின் சேர்க்கை. பித்தளைக் கூடு ஒன்று, அதன் அடியில் பதித்த கேப்பு ஒன்று, உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. விசையை இழுத்தால் ஊசி கேப்பைக் குத்துகிறது. கேப்பின் பொறி மருந்தைப் பற்ற வைக்கிறது. மருந்து எரிந்து வாயுவாகிறது. வாயு குண்டைத் தள்ளுகிறது. சுட்ட பிறகு மிஞ்சுவது பித்தளைக் கூடு. நான்கில் விலை அதிகமானதும் பெரும்பாலும் அதுவே. ஆகவே அமெரிக்காவிலும் வேறு சில நாடுகளிலும் குறி பார்த்துச் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள், காலிக் கூடுகளைச் சேர்த்து வைத்துப் புதிய கேப்பும் மருந்தும் குண்டும் இட்டு மறுபடி தோட்டா ஆக்குகிறார்கள். செலவு குறைகிறது என்பதோடு, தம் துப்பாக்கியின் இயல்புக்கு ஏற்பத் தோட்டாவைப் பொருத்திக்கொள்ளலாம் என்பதும் இதில் அவர்களுக்கு உள்ள ருசி. இங்கேதான் மருந்துத் தேர்வு என்னும் பிரச்னை எழுகிறது.

வைக்கோலும் புளிய விறகும்

அடுப்பு மூட்டத் தெரிந்த எவருக்கும் இதன் தத்துவம் விளங்கும். வைக்கோல் குப்பென்று எரிந்து ஒரு நொடியில் அடங்கிவிடும். புளிய விறகு மெதுவாய்ப் பற்றி நின்று எரியும். இரண்டும் நெருப்புத்தான், ஆனால் பால் காய்ச்சுவதற்கு வேண்டியது ஒன்று, நெல் புழுக்குவதற்கு வேண்டியது மற்றொன்று.

ரைபிளின் குழல் சுமார் இரண்டடி நீளம். அந்த நீளத்தைக் குண்டு கடப்பதற்கு ஆகும் காலம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பாகம் அல்லது சிறிது கூடுதல். இந்தக் கண்ணிமைப் பொழுதுக்குள்ளும் மருந்து நிதானமாக எரிய வேண்டும். ஊஞ்சலைப் படீரென்று அறைந்தால் கைதான் வலிக்கும். கூடவே ஓடித் தள்ளினால் அது உயரப் போகும். ரைபிள் குண்டுக்கும் அப்படியே. குழலின் வழி நெடுக வாயு அதைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கைத்துப்பாக்கியின் குழலோ நாலைந்து அங்குலந்தான். அங்கே நிதானத்துக்கு நேரமில்லை. குண்டு வெளியேறுமுன் மருந்து முழுவதும் எரிந்து முடிந்தாக வேண்டும். எனவே கைத்துப்பாக்கிக்கு வேகமான மருந்து, ரைபிளுக்கு மெதுவான மருந்து என்பது முதல் விதி. கைத்துப்பாக்கிகளுக்குள்ளேயே, 'மாக்னம்' எனப்படும் பலத்த ரிவால்வர்களுக்குச் சற்று மெதுவான வகையை இடுவதும், ஒரே துப்பாக்கியில் கனமான குண்டுக்கு மெதுவான வகையை நாடுவதும் இந்த விதியின் கிளைகளே.

விதியை மாற்றினால் என்ன ஆகும்? மெதுவான மருந்தைக் கைத்துப்பாக்கியில் இட்டால், எரியாத பாதி குழல் வாயில் பெரிய ஜ்வாலையாக வீணாகும். குண்டு சோர்ந்து போகும். வேகமான மருந்தை ரைபிளின் பெரிய கூடு நிறைய இட்டால் விளைவு விபரீதமானது. குண்டு நகரத் தொடங்குமுன்பே வாயு முழுவதும் பிறந்துவிடும். போக இடமின்றித் துப்பாக்கியையே பிளக்கும். சுடுகிறவனுடைய முகம் அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. சைக்கிள் டயரில் நாம் அடிக்கும் காற்று சதுர அங்குலத்துக்கு ஐம்பது பவுண்டு அழுத்தம் இருக்கலாம். .38 ஸ்பெஷல் ரிவால்வர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்கம் விதித்துள்ள உச்ச வரம்பு 17,000 பவுண்டு; .30-06 ரைபிள் தோட்டாவுக்கு 60,000 பவுண்டு. இத்தனை பெரிய சக்தியை வரம்புக்குள் நிறுத்துவது பெரும்பாலும் மருந்தின் எரியும் வேகந்தான்.

வேகத்தை அடக்கிய கதை

இந்த வேகத்தை மனிதன் அடக்கக் கற்றுக்கொண்டது நீண்ட கதை. பழைய கறுப்பு மருந்து வெடியுப்பு, கந்தகம், கரி என்னும் மூன்றின் கலவை. அதில் பெரும் பங்கு வெடியுப்பு. ஐரோப்பாவின் யுத்தங்களுக்கு வேண்டிய வெடியுப்பில் பெரும் பகுதி நம் பீஹார் மாகாணத்து மண்ணிலிருந்து எடுக்கப்பட்டு, பாட்னாவிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் சென்றது. நம் மண்ணைக் கரைத்து உப்பு எடுத்த ஏழைகளின் உழைப்பு பிரிட்டிஷ் பீரங்கிகளின் முழக்கமாயிற்று.

கறுப்பு மருந்தின் குறை, எரிந்த பின் பாதிக்கு மேல் சாம்பலாகவும் புகையாகவும் நிற்பது. இரண்டாவது குறை, அதன் வேகத்தை அடக்குவது கடினம். பொடியின் பருமனைக் கூட்டினால் வேகம் குறையும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. 1860-ஆம் வருஷத்தை ஒட்டி அமெரிக்க ராணுவ அதிகாரி தாமஸ் ராட்மன் மருந்தைப் பெரிய கட்டிகளாக அழுத்தி அவற்றில் துளைகள் இட்டார். கட்டி வெளிப்புறத்தில் எரிந்து சிறுக்கச் சிறுக்க, உட்புறத்துத் துளைகள் எரிந்து அகன்றன. எனவே வாயு குறையாமல் பிறந்துகொண்டிருந்தது. மருந்தின் வடிவமே அதற்குக் கடிவாளம் என்ற உண்மை இப்படி நிலைபெற்றது.

1884-இல் பிரெஞ்சு ரஸாயன நிபுணர் பால் வியேய் பருத்திப் பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தி, பசையாக்கித் தகடாக உருட்டிப் புகையற்ற மருந்தைச் செய்தார். 1887-இல் ஆல்பிரட் நோபல் அந்தப் பஞ்சோடு நைட்ரோகிளிஸரினைச் சேர்த்து மற்றொன்று செய்தார். 1889-இல் பிரிட்டனின் பிரடெரிக் ஏபெலும் ஜேம்ஸ் டியூவரும் ஏறக்குறைய அதே பொருள்களைக் கொண்டு கயிறு போல் இழுத்த 'கார்டைட்' செய்தார்கள். தம் யோசனை திருடப்பட்டதென்று நோபல் தொடுத்த வழக்கு பிரபுக்கள் சபை வரை போய் 1895-இல் தோற்றது. அவர் பத்திரத்தில் பஞ்சின் ஒரு வகையை மட்டும் குறிப்பிட்டிருந்ததும், கார்டைட்டில் இருந்தது வேறு வகை என்பதுமே காரணம்.

அந்தக் கார்டைட் நம் வீட்டு வாசலுக்கே வந்தது. நீலகிரியில் குன்னூரிலிருந்து உதகைக்கு ஏறும் ரயில் அருவங்காடு என்ற ஸ்டேஷனில் நிற்கிறதே, அங்கே 1903-இல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இயங்கி வருகிறது. 2021 முதல் அது 'மியூனிஷன்ஸ் இந்தியா' என்னும் அரசாங்கக் கம்பெனியைச் சேர்ந்தது.

பலத்தை மட்டும் பார்த்தால் வரும் கேட்டையும் கார்டைட்டே காட்டிற்று. முதற் கலவையில் நைட்ரோகிளிஸரின் நூற்றுக்கு 58 பங்கு. அதன் கடும் வெப்பம் குழல்களை உள்ளே அரித்துத் தின்றது. எனவே 1901-இல் அப்பங்கு 30-ஆகக் குறைக்கப்பட்டது. பலம் சற்றுக் குறைந்தது; துப்பாக்கியின் ஆயுள் நீண்டது.

பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்த பாடம் இதனினும் கொடியது. வியேயின் மருந்து நாளடைவில் தானே சிதைந்து சூடேறும் குணமுடையது. 1907-இல் தூலோன் துறைமுகத்தில் 'இயேனா' என்ற போர்க் கப்பலும், 1911-இல் அதே துறைமுகத்தில் 'லிபெர்த்தே' என்ற கப்பலும், எதிரி எவருமின்றித் தம் கிடங்கிலிருந்த மருந்தாலேயே வெடித்தன. நூற்றுக்கணக்கான மாலுமிகள் மாண்டார்கள். மருந்து எவ்வளவு நாள் கெடாமல் இருக்கும் என்பதும் தேர்வில் ஓர் அம்சம் என்பதை உலகம் இவ்வாறு கற்றது. சிதைவைத் தடுக்கும் சரக்குகள் இன்று மருந்தோடு கலக்கப்படுகின்றன. ஆயினும் புளித்த நெடியும் செம்பழுப்புப் புகையும் காட்டும் மருந்தை அனுபவஸ்தர்கள் உடனே கழித்துவிடுகிறார்கள்.

அறிந்தவர்களின் விதிகள்

தோட்டா நிரப்புவோர் கைக்கொள்ளும் விதிகள் இத்தனை விலை கொடுத்துக் கற்றவை. மருந்தை நிறத்தையும் உருவத்தையும் கண்டு இன்னதென்று தீர்மானிக்கக் கூடாது. ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு மருந்துகளின் வேகம் வெகுவாக வேறுபடலாம். ஆகவே தயாரித்தவர் அடைத்த டப்பாவிலிருந்து வேறு பாத்திரத்துக்கு மாற்றி வைப்பதில்லை; பெயர்ச் சீட்டு இல்லாத மருந்தைத் தொடுவதில்லை; இரண்டைக் கலப்பதில்லை. மேஜையின்மேல் ஒரு சமயத்தில் ஒரு டப்பாவுக்கு மேல் இருப்பதில்லை. ஆழாக்குப் போல் கண்மதிப்பாக அளக்காமல், தயாரிப்பாளர் வெளியிட்ட அட்டவணையைப் பார்த்து, அதில் கண்ட குறைந்த அளவில் தொடங்கி, தராசில் நிறுத்து இடுகிறார்கள். நிறுப்பது 'கிரெய்ன்' கணக்கில். ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். ஒரு குன்றிமணியின் எடையில் ஏறக்குறையப் பாதி.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வேகமான மருந்து மிகச் சிறிதளவே வேண்டும். அது கூட்டின் அடியில் ஒரு மூலையில் கிடக்கும். கவனம் சிதறி அதே கூட்டில் இரண்டாம் முறை இட்டுவிட்டால் வெளிக்குத் தெரியாது, சுடும்போதுதான் தெரியும். எனவே புதிதாய்ப் பழகுகிறவர்களுக்கு, சரியான எடையிலேயே கூட்டில் பாதிக்கு மேல் நிரம்பும் பருத்த மருந்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். இரு முறை விழுந்தால் அது வழிந்து தவறைக் காட்டிக் கொடுத்துவிடும். மனிதன் மறந்தாலும் பொருளே எச்சரிக்குமாறு ஏற்பாடு செய்துகொள்வது எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் விவேகம்.

ஒரு ராஜ்யம் செய்த தேர்வு

மேஜையருகே ஒருவன் செய்யும் தேர்வின் தவறு அவனோடு போகும். ஒரு ராஜ்யமே தவறாகத் தேர்ந்தால்? வியட்நாம் யுத்தத்தில் அது நடந்தது. யூஜின் ஸ்டோனர் என்பவர் அமைத்த இலேசான ரைபிள் ஒன்று, குழல் வடிவாய்க் கத்தரித்த ஒரு மருந்தைக் கொண்டு சோதிக்கப்பட்டு நன்றாக வேலை செய்தது. அந்த மருந்தைக் கொண்டு ராணுவம் விதித்த குண்டு வேகத்தையும் அழுத்த வரம்பையும் பெருந்தொகைத் தயாரிப்பில் ஒருங்கே காப்பது கடினமாயிற்று. ஆகவே 1964-இல் உருண்டை மருந்துக்கும் அநுமதி தரப்பட்டது. குண்டின் வேகம் சரியாகவே இருந்தது. ஆனால் குழலில் வாயுவின் அழுத்தம் ஏறி இறங்கும் முறை மாறிவிட்டது. வாயுவால் இயங்கும் அந்த ரைபிள் அமைத்தவர் கருதியதைவிட விரைவாக, நிமிஷத்துக்கு ஆயிரம் முறை வரை சுடலாயிற்று. மருந்தில் கலந்திருந்த சுண்ணாம்புச் சத்து வாயுக் குழாயில் படிந்தது. தோட்டா அறைக்குத் துருவைத் தடுக்கும் குரோமியப் பூச்சும் இல்லை. சிப்பாய்களிடம் துடைக்கும் சாமான்களும் போதிய அளவு இல்லை. சுட்ட கூடு உள்ளேயே சிக்கிக்கொண்டது. துப்பாக்கி நின்றுபோன நிலையிலேயே சிப்பாய்கள் பலர் உயிரிழந்தனர். 1967-இல் அமெரிக்கக் காங்கிரஸின் உபகமிட்டி ஒன்று விசாரித்து, இந்த மருந்து மாற்றத்தை வன்மையாகக் கண்டித்தது. பிறகு துப்பாக்கியின் உறுப்புக்களைத் திருத்தி, அறைக்குக் குரோமியம் பூசி, மருந்திலும் சுண்ணாம்பைக் குறைத்தார்கள். உருண்டை மருந்து கெட்டதன்று. அந்தத் துப்பாக்கி அதற்காக அமைக்கப்படவில்லை என்பதே குற்றம்.

நமது தேசத்தில் இந்தப் பொழுதுபோக்குக்குப் பெரும்பாலும் இடமில்லை. 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், ஐரோப்பியருக்கு விலக்குத் தந்து, இந்தியர் லைசென்ஸின்றி ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. சுதந்திர இந்தியா அதை நீக்கி 1959-இல் வேறு சட்டம் செய்தது. அதிலே நிறப் பேதம் இல்லை. ஆயினும் லைசென்ஸின்றித் தோட்டா தயாரிப்பது அதன்படியும் குற்றமே. ஆகையால் நேயர்களில் எவரும் இதைக் கையால் செய்து பார்க்க வேண்டியதில்லை. எனினும் பழைய நாட்டுத் துப்பாக்கி உள்ள கிராமங்களில் ஒன்றை எடுத்துச் சொல்வது நலம். கறுப்பு மருந்துக்காகச் செய்த குழலில், அதே அளவு புகையற்ற மருந்தைக் கெட்டித்தால் அந்தக் குழல் தாங்காது. அதைப் பிடித்த கை மிஞ்சாது.

அன்று கேள்வி கேட்ட மாணவனுக்கு நான் அளித்த விடை சுருக்கமானது. மிகவும் பலமான மருந்து என்று ஒன்றைத் தேடினால் கிடைக்கும். ஆனால் அது உன் துப்பாக்கிக்கு ஏற்றதாய் இருக்க வேண்டிய அவசியமில்லை. எந்தக் குழல், எந்தக் குண்டு, எவ்வளவு நீளம் என்று முதலில் சொல். மருந்தின் பெயரை அப்புறம் சொல்லலாம்.