இடைவிட்ட இசையும் இலக்கணப் பயிற்சியும்

இளமையில் ஆர்வத்துடன் கற்ற இசையை இல்லறமும் உத்தியோகமும் இடையிலே நிறுத்திவிடுவதுண்டு. பிழைப்பின் பொருட்டுப் புனேயை அடைந்து, பவனா நதிக்கரையிலுள்ள சாங்வி போன்ற பகுதிகளில் குடியேறிய நம் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. ஊரிலிருந்து அரும்பாடுபட்டுக் கொணர்ந்த வீணை, உறை நீக்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் மூலையில் கிடக்கும். கற்ற அம்மையாரை மீண்டும் வாசிக்க வேண்டினால், "இனி விரல் ஓடாது" என்பார். அந்த நாணம் இயற்கையே. ஆயின் அதன் பயன் அவரோடு நிற்பதில்லை. தாயின் வித்தை மௌனமாகிவிட, பிள்ளைகள் ஸரளி வரிசையின் ஒலியையும் அறியாது வளர்கின்றனர்.

இத்தகையோர் விரலுக்கு முன் அறிவைத் தட்டி எழுப்புதல் நலம். சாதகம் தளர்ந்தால் விரலின் வேகம் குறையும். இராகத்தை இனங்காணும் செவி அத்துணை விரைவில் மங்குவதில்லை. அன்று காரணம் அறியாது மனப்பாடம் செய்தவற்றுக்கு இன்று காரணம் காண்பதே இசையிலக்கணப் பயிற்சி.

மூலையில் கிடக்கும் வீணையையே பாருங்கள். அதன் மெட்டுகள் 24. ஒரு ஸ்தாயிக்கு 12 ஸ்வரஸ்தானங்கள் வீதம் இரண்டு ஸ்தாயிகள் அதில் அமைந்துள்ளன. அப்பன்னிரண்டு இடங்களுக்கு வழங்கும் பெயர்களோ 16. வேகமாக வாசிக்க இயலாதவரும் ஒவ்வொரு மெட்டாகத் தொட்டு இதனை உணரலாம்.

முதற்பாடம் மாயாமாளவகௌளையில் அமைந்ததன் காரணத்தையும் எண்ணிப் பார்க்கலாம். ஸ ரி க ம என்னும் முற்பாதியில் உள்ள இடைவெளிகளே ப த நி ஸ என்னும் பிற்பாதியிலும் அமைகின்றன. ஒரு பாதியைப் பழகியவருக்கு மறுபாதி எளிதாகிறது. இம்முறையை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு.

72 மேளகர்த்தாக்களும் அச்சுறுத்துவன அல்ல. ரிஷப காந்தாரங்கள் சேரும் வகை 6, தைவத நிஷாதங்கள் சேரும் வகை 6, மத்தியமம் 2. மூன்றையும் பெருக்கினால் 72 வரும். பதினேழாம் நூற்றாண்டில், தஞ்சை நாயக்கர் காலத்தில், வெங்கடமகி 'சதுர்தண்டி பிரகாசிகை' என்னும் நூலில் இக்கணக்கை நிறுவினார். அவர் காலத்தில் வழக்கிலிருந்த மேளங்கள் 19 மட்டுமே. எஞ்சியவற்றுக்கு இலக்கணம் முந்தி இடம் வகுத்து வைத்தது!

நிற்க. நாம் இன்று வாழும் மகாராஷ்டிரத்துக்கும் இவ்விலக்கணத்துக்கும் நெருங்கிய உறவுண்டு. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் முதலாம் துளஜா 'சங்கீத ஸாராம்ருதம்' என்னும் இசைநூலை இயற்றினார். பம்பாயில் பிறந்த விஷ்ணு நாராயண் பாத்கண்டே (1860-1936) சித்தார் பயின்றவர், வழக்கறிஞர். அவர் 1904ஆம் ஆண்டில் தென்னாட்டு யாத்திரை மேற்கொண்டு, எட்டயபுரத்தில் சுப்பராம தீக்ஷிதரைக் கண்டு அளவளாவினார். தீக்ஷிதரின் 'சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி' வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. வழக்கறிஞர் தொழிலையே விடுத்த பாத்கண்டே, வடநாட்டு இராகங்களைப் பத்துத் தாட்டுகளில் அடக்கினார். அப்பத்தும் நம் 72 மேளங்களுள் அடங்குவனவே.

ஆதலின் புனேயில் வாழ்வது இழப்பன்று. 1953 முதல் இந்நகரில் நடைபெற்றுவரும் ஸவாய் கந்தர்வ விழாவில் யமன் கேட்கும்போது கல்யாணியை நினைவுகூரலாம்; மால்கௌன்ஸில் ஹிந்தோளத்தையும், பூப்பில் மோகனத்தையும் காணலாம். பெயர் கண்டு மயங்குதலும் கூடாது. அவர்களுடைய பைரவித் தாட்டின் ஸ்வரங்கள் நம் தோடிக்குரியவை. அவர்களுடைய தோடித் தாட்டின் ஸ்வரங்களோ நம் சுபபந்துவராளிக்குரியவை. எனினும் ஸ்வரம் ஒன்றாயினும் கமகமும் நடையும் வேறு. அவற்றை ஏட்டில் பெற இயலாது. குருமுகமாகவே பெறல் வேண்டும்.

எனவே இலக்கணத்தை வாயிலாகக் கொள்வோம்; அங்கேயே அமர்ந்துவிட வேண்டாம். நாள்தோறும் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். சுருதி சேர்த்து, ஒரு மேளத்தின் ஸ்வரங்களை மெல்லப் பாடிப் பார்க்கலாம். கேட்ட பாட்டுக்குக் கையால் ஆதிதாளம் போட்டு எட்டு அக்ஷரங்களை எண்ணலாம். அருகே பிள்ளையை இருத்தி, ஒவ்வொரு ஸ்வரமும் வீணையின் எந்த மெட்டில் பேசுகிறது என்று காட்டலாம். காட்டுவதற்காகத் தந்தியை மீட்டும் விரல், நாளடைவில் தானே வழி கண்டுகொள்ளும். வாசிப்பு முன்போல் அமையாவிடினும், வீட்டில் மீண்டும் நாதம் எழும். அடுத்த தலைமுறை அதனைக் கேட்கும்.