ஊத்திக்கிச்சுனு நினைச்ச பேண்ட்... 20 வருஷம் கழிச்சு ஊரையே பாட வெச்ச கதை!

இந்திப் பாட்டு கேட்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தா, 'பீகி பீகி' கண்டிப்பா காதுல விழுந்திருக்கும். 2006-ல் வந்த 'கேங்ஸ்டர்' படத்தின் பாட்டு, இசை ப்ரீதம். பாடியவர் ஜேம்ஸ், பங்களாதேஷின் ராக் ஸ்டார். ஆனா அந்த மெட்டு எங்கிருந்து வந்ததுனு தெரியுமா? 'ப்ரிதிபீடா நாகி' என்ற பெங்காலிப் பாட்டிலிருந்து. 1995-ல் கொல்கத்தாவில் வெளியான ஒரு தொகுப்பில் இருந்த பாட்டு அது. அந்தத் தொகுப்பின் மேல் இருந்த பெயர், 'மொஹீனேர் கோராகுலி'.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்தப் பெயரில் இருந்த பேண்ட் கலைஞ்சு அப்பவே 14 வருஷம் ஆகியிருந்தது. மூணு ரெக்கார்டு போட்டு, பெருசா விற்காம, ஆளுக்கொரு திசையில போயிட்டாங்க. அப்புறம் எப்படி அதே பேர்ல ஒரு புதுப் பாட்டு வந்து, ஒரு தலைமுறையே அதை மனப்பாடமா பாடுச்சு? அந்தக் கதைதான் இது.

ஜெயில்ல இருந்து கிடாருக்கு...

கதையின் மையத்தில் இருப்பவர் கௌதம் சட்டோபாத்யாய். அறுபதுகளின் கடைசியில் கொல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட் வேற மாதிரி இருந்தது. ரெஸ்டாரன்ட்டுக்குப் போனா சாப்பாட்டோடு லைவ் பேண்டும் இருக்கும். பாட்டெல்லாம் இங்கிலீஷ். அந்த வட்டாரத்தில் கிடார் வாசிச்சுப் பழகியவர்தான் கௌதம்.

அதே நேரத்தில் வங்கத்தில் இன்னொரு தீ பற்றியிருந்தது. 1967-ல் வட வங்கத்தின் நக்சல்பாரி கிராமத்தில் தொடங்கிய விவசாயிகள் எழுச்சி, கொல்கத்தா கல்லூரிகளுக்குள்ளும் வந்துவிட்டது. நல்லா படிக்கிற பசங்க வகுப்பை விட்டுட்டு கிராமங்களுக்குப் போனாங்க. கௌதமும் அந்த இயக்கத்துக்குள் போனார், கைதானார், சிறையில் இருந்தார். வெளியே வந்த பிறகு சில காலம் மத்தியப் பிரதேசத்தில் வேலை பார்த்துவிட்டு, கொல்கத்தாவுக்குத் திரும்பினார்.

திரும்பி வந்தவர் 1975-ல் தெற்கு கொல்கத்தாவின் நாக்தலா பகுதியில் இருந்த தன் வீட்டில் ஆட்களைச் சேர்க்க ஆரம்பிச்சார். தம்பி பிஸ்வநாத், உறவும் நட்புமாக ரஞ்சன் கோஷால், பிரதீப், தாபஸ் தாஸ், தபேஷ், மேற்கத்திய கிளாசிக்கல் வயலின் கற்ற ஆப்ரகாம் மஜும்தார்னு ஏழு பேர். எமர்ஜென்சி அமலுக்கு வந்த வருஷம் அது!

பேரே ஒரு கவிதை

முதல்ல ரெண்டு மூணு பேர் வெச்சுப் பார்த்தாங்க, எதுவும் ஒட்டலை. கடைசியில் ரஞ்சன் கோஷால் சொன்ன பேர்தான் நின்றது. வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸின் 'குதிரை' என்ற கவிதையில் வரும் சொற்கள் அவை. 'மொஹீனேர் கோராகுலி' என்றால் 'மஹீனின் குதிரைகள்'. பேண்டுன்னா பேரு இங்கிலீஷ்லதான் இருக்கணும்னு நினைச்ச ஊர்ல, இது கொஞ்சம் துணிச்சலான வேலை.

பாட்டும் அப்படித்தான். கிடார், பியானோ, வயலின், சாக்ஸபோன் ஒரு பக்கம். ஊர் ஊராகப் பாடித் திரியும் பாவுல் பாடகர்களின் மெட்டு இன்னொரு பக்கம். நடுவில் ஜாஸ், லத்தீன் தாளம். இதை எந்த டப்பாவுக்குள் போடுவது என்று யாருக்கும் தெரியலை. பின்னாளில் சிலர் 'பாவுல் ஜாஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

பாடுபொருளும் புதுசு. 'ஹாய் பாலோபாஷி' என்ற பாட்டை எடுத்துக்குவோம். பிக்காசோவையும் பீட்டில்ஸையும் ரவிசங்கரையும் ரசிக்கிற ஒரு நடுத்தர வர்க்கத்துப் பையன்தான் அதில் பாடுறான். எல்லாமே பிடிச்சிருக்கு. ஆனா வயலில் வியர்வை சிந்துகிறவர்களைப் பார்க்கும்போது எதுவுமே ருசிக்கலை. காதல், நிலவு, மழை என்று போய்க்கொண்டிருந்த வங்கப் பாட்டுகளுக்கு நடுவில் இந்தக் குற்ற உணர்ச்சி தனியாகத் தெரிந்தது.

(சின்னதா ஒரு விஷயம். இவங்களை முதல் பெங்காலி ராக் பேண்ட்னு சொல்றதுண்டு. இந்தியாவுக்குள்ளன்னா சரி. எல்லைக்கு அந்தப் பக்கம், டாக்காவில் ஆசம் கான் எழுபதுகளின் தொடக்கத்திலேயே பெங்காலி ராக் பாட ஆரம்பிச்சிருந்தார்.)

ஏன் எடுபடலை?

1977, 1978, 1979. வருஷத்துக்கு ஒண்ணுன்னு மூணு ரெக்கார்டு வந்தது. இரண்டாவது ரெக்கார்டின் பெயர் 'அஜானா உடந்தோ பொஸ்து', அதாவது பறக்கும் அடையாளம் தெரியாத பொருள். யுஎஃப்ஓ! மூணையும் சேர்த்தாலும் பாட்டு பத்தைத் தாண்டாது. மேடைகளும் கிடைத்தன. 1980-ல் கொல்கத்தா ஜாஸ் விழாவிலும் வாசித்தார்கள். ஒரு சின்னக் கூட்டம் இவர்களைக் கொண்டாடியது. அதைத் தாண்டி நகரலை.

திறமை பத்தலையா? அதே ஆட்களின் அதே பாட்டுகளைப் பின்னாளில் ஊரே தேடிப்பிடித்துக் கேட்டது. அப்போ சிக்கல் வேற எங்கேயோ இருந்திருக்கு. கொஞ்சம் அந்தக் காலத்துக்குள் போய்ப் பார்த்தால் புரியும்.

முதல் தடை, ரெக்கார்டு. இன்னைக்கு உங்க ரூம்ல பாட்டை ரெக்கார்டு பண்ணி, ராத்திரியே உலகத்துக்கு அனுப்பிடலாம். அன்னைக்கு வினைல் தட்டுதான் வழி. ஸ்டுடியோ வேணும், தட்டு அச்சடிக்க ஒரு கம்பெனி மனசு வைக்கணும். அந்தத் தட்டை வாங்குறவர் வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இருக்கணும். இத்தனைக்கும் இந்தியாவின் பெரிய ரெக்கார்டு கம்பெனியான கிராமபோன் கம்பெனிக்குத் தலைமையகம் கொல்கத்தா, தொழிற்சாலை பக்கத்திலேயே டம்டம். ஊர்க்காரங்க என்பதால் கதவு தானாகத் திறந்துவிடவில்லை.

இரண்டாவது, ரேடியோ. ஆல் இந்தியா ரேடியோ ஒண்ணுதான். அதில் வந்தால்தான் பாட்டு வீடுகளுக்குள் போகும். ரவீந்திர சங்கீதம், நஸ்ருல் கீதம், சினிமாப் பாட்டு, 'ஆதுனிக்' எனப்படும் மெல்லிசைனு எல்லாத்துக்கும் அங்கே ஒரு இடம் இருந்தது. பெங்காலி ராக்குக்குனு ஒரு இடமே கிடையாது.

மூணாவது, காது. தாகூர் பாட்டை ஸ்வரம் பிசகாமல் பாடுவதைப் பண்பாடாக மதிக்கிற ஊர். அங்கே ஏழு இளைஞர்கள் வந்து, பாவுல் மெட்டில் எலெக்ட்ரிக் கிடாரைக் கலந்தால் எப்படி இருக்கும்? மேற்கத்திய இசை கேட்கிறவங்களுக்கு இது ரொம்ப உள்ளூர். உள்ளூர்ப் பாட்டு கேட்கிறவங்களுக்கு இது ரொம்ப மேற்கு. ரெண்டு பக்கமும் இடமில்லை. போதாக்குறைக்கு எழுபதுகளின் கொல்கத்தாவில் 'லோட் ஷெட்டிங்' தினசரி வாடிக்கை. கரன்ட்டை நம்பி வாசிக்கிற பேண்டுக்கு அது எவ்வளவு பெரிய சோதனைனு உங்களுக்கே தெரியும்.

நாலாவது, வயிறு. கச்சேரியில் வர்ற காசு ஏழு பேருக்குப் பத்தாது. வயசு ஏறுது, வீட்ல கேள்வி வருது. இதுல எந்த வில்லனும் கிடையாது. பெரும்பாலான பேண்டுகள் சண்டையில உடையுறதில்லை, மாசச் சம்பளத்துல கரைஞ்சு போகுது. 1981-ல் மொஹீனேர் கோராகுலியும் கலைந்தது. ரஞ்சன் கோஷால் பெங்களூருக்குப் போய் விளம்பரத் துறையிலும் நாடகத்திலும் இறங்கினார். பிஸ்வநாத் அமெரிக்காவில் குடியேறினார். கௌதம் கேமராவைப் பிடித்தார். அவர் இயக்கிய 'நாக்மோதி', 1983-ம் ஆண்டின் சிறந்த வங்கப் படத்துக்கான தேசிய விருதை வாங்கியது.

பாட்டு முடிஞ்ச கதைனு எல்லாரும் நினைச்சாங்க.

மறுபடி, இருபது வருஷம் கழிச்சு...

எண்பதுகளில் இந்தியாவில் கேசட் வந்து இறங்கியது. விலை கம்மி. ஒருத்தர் வாங்கினா பத்துப் பேர் காப்பி பண்ணிக்கலாம். ரெக்கார்டு கம்பெனிகளின் பிடி தளர்ந்தது. 1992-ல் சுமன் சட்டோபாத்யாய், இன்று நாம் கபீர் சுமன் என்று அறிகிறவர், 'தொமாகே சாய்' ஆல்பத்தை வெளியிட்டார். தனி மனிதரின் குரலும் கிடாரும் நகரத்துக் கவலைகளும். அது பெரிய வெற்றி. பதினைந்து வருஷத்துக்கு முன் கொல்கத்தாவின் காதுக்கு அந்நியமாக இருந்த ஒன்று, இப்போது பழகிவிட்டது. கல்லூரிகளில் பையன்கள் பெங்காலியில் பேண்ட் தொடங்க ஆரம்பித்திருந்தார்கள்.

கௌதம் இதைப் பார்த்தார். சாதாரணமா ஒரு பழைய பேண்ட் என்ன செய்யும்? 'ரீயூனியன்' கச்சேரி போட்டு, பழைய பாட்டையே பாடும். கௌதம் அந்த வழியில் போகலை. இளம் பாடகர்களையும் பேண்டுகளையும் கூப்பிட்டார். அவங்க பாட்டையும், தன்னோட பாட்டையும் ஒரே தொகுப்பில் சேர்த்தார். 1995 கொல்கத்தா புத்தகக் கண்காட்சியில் அது வெளியானது. பெயர் 'ஆபார் போச்சோர் குடி போரே'. 'மறுபடி, இருபது வருஷம் கழித்து' என்று அர்த்தம். 1975-ல் பிறந்த பேண்டுக்குக் கச்சிதமான கணக்கு. இந்தத் தலைப்புக்கும் மூலம் ஜீவனானந்த தாஸ்தான்.

இப்போ முக்கியமான இடம். அந்தத் தொகுப்பின் மேல் பாடியவர்களாக 'மொஹீனேர் கோராகுலி' பெயர் இல்லை. 'சம்பாதிதோ' என்றுதான் இருந்தது. அதாவது 'தொகுத்தது'. கொல்கத்தா, சிறுபத்திரிகைகளின் ஊர். அங்கே ஆசிரியரின் வேலை, தன் எழுத்தோடு சேர்த்துப் புதியவர்களின் எழுத்தையும் அச்சேற்றுவது. கௌதம் அந்தப் பழக்கத்தை அப்படியே இசைக்குக் கொண்டு வந்தார். விற்கிற இடமும் புத்தகக் கண்காட்சி என்பதைக் கவனிங்க. ரெக்கார்டு கடை கைவிட்ட பாட்டு, புத்தகம் வாங்க வந்தவங்க பையில் ஏறியது.

அது பிடித்துக்கொண்டது. 'ப்ரிதிபீடா நாகி' ஹாஸ்டல் ஹாஸ்டலாகப் பரவியது. தொண்ணூறுகள் முடிவதற்குள் மேலும் மூன்று தொகுப்புகள் வந்தன. புதுத் தொகுப்பைக் கேட்ட பசங்க, பழைய ரெக்கார்டுகளைத் தேட ஆரம்பிச்சாங்க. விற்காத அந்த மூணு தட்டும் பொக்கிஷமாகிவிட்டன. அடுத்து வந்த பாங்ளா பேண்ட் அலையில் பூமி, ஃபாசில்ஸ்னு பெரிய பேர்கள் உருவாகின. 'லக்கிச்சாரா' பேண்டில் டிரம்ஸ் வாசிப்பவர் கௌரவ், கௌதமின் மகன்.

பாட்டு ஜெயிச்சது, பாடினவங்க?

இதோட 'சுபம்' போட்டுடலாம்னு தோணும். ஆனா வாழ்க்கை அப்படி விடலை. 1999 ஜூன் 20-ம் தேதி கௌதம் மாரடைப்பால் இறந்தார். பேண்ட் அலை உச்சிக்குப் போனதை அவர் பார்க்கலை. 'பீகி பீகி' வந்தது அதற்கு ஏழு வருஷம் கழித்து. அந்தப் பாட்டைக் கேட்டவர்களில் பெரும்பாலானோருக்கு நாக்தலா வீடும் தெரியாது, அந்த ஏழு பேரும் தெரியாது.

2020-ல் ரஞ்சன் கோஷால் காலமானார். தாபஸ் தாஸுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்ற செய்தி வந்தபோது, சிகிச்சைக்குப் பணம் திரட்ட இசைக் கலைஞர்கள் கூடிக் கச்சேரிகள் நடத்தினார்கள். மாநில அரசும் உதவிக்கு வந்தது. 2023 ஜூனில் அவரும் போய்விட்டார். எழுபதுகளில் வயிற்றுப்பாடு பிரித்த அதே பேண்டின் ஒரு கலைஞருக்கு, புகழ் வந்து முப்பது வருஷம் ஆன பிறகும் மருத்துவச் செலவுக்கு மற்றவர்கள் கை கொடுக்க வேண்டியிருந்தது. புகழ் ஒரு கணக்கு, காசு இன்னொரு கணக்கு. ரெண்டும் ஒண்ணா டேலி ஆகணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை.

ஆனாலும் அந்தக் கச்சேரிகளைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. யார் வந்து பாடினாங்க? இந்த பேண்டைக் கேட்டு வளர்ந்த அடுத்த தலைமுறை. பேரைப் பூட்டி வைக்காமல் பொதுவில் வைத்தார் கௌதம். அந்தப் பேர் மேல எல்லாருக்கும் ஒரு சொந்தம் வந்தது. கஷ்டம்னு வந்தப்போ அந்தச் சொந்தம்தான் மேடை ஏறியது.

உங்க ஃப்ரெண்ட்ஸ் யாராவது பேண்ட் வெச்சிருக்காங்களா? வியூஸ் வரலைன்னு சோர்ந்து உட்கார்ந்திருக்காங்களா? அவங்களுக்கு இந்தக் கதையை அனுப்புங்க. 'நீயும் ஒருநாள் ஜெயிப்பே'ன்னு ஆறுதல் சொல்ல வேண்டாம், அதுக்கு கேரன்டி கிடையாது. அதுக்குப் பதிலா அடுத்த கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிட்டுப் போங்க. எழுபதுகளில் நாக்தலா வீட்டுக்குத் தேவைப்பட்டதும் அந்த டிக்கெட் காசுதான்.